வேலை வருகிறது என்கிறார்கள்... லயத்து வீட்டுக்கும் வருமா?



சிரம்பானிலிருந்து லுக்குட் வழியாகப் போர்ட்டிக்சனுக்குப் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். நம் தாத்தா கித்தா வெட்டிய காடு, நம் அப்பா செம்பனைக் குலை சுமந்த காடு, இன்று புதுப்பட்டணங்களாகிக்கொண்டிருக்கிறது. விளம்பரப் பலகைகளில் சிரித்த முகங்கள், வீட்டு விலைகள், மேம்பாட்டாளரின் தொலைபேசி எண்கள். அந்தப் பலகைக்குப் பின்னால் இன்னும் லயத்து வீடுகளில் குடியிருக்கும் நம் குடும்பங்களைப் பற்றி எந்தப் பலகையிலும் ஒரு வரி கிடையாது.

இது ஏதோ ஒரு மேம்பாட்டாளரின் தனித்திட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். 2015 அக்டோபரில், 2016-ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தை வாசித்தபோது அப்போதைய பிரதமர் நஜீப், நீலாயிலிருந்து போர்ட்டிக்சன் வரை 108,000 ஹெக்டரில் 'மலேசியா விஷன் வேலி' அமையும் என்று அறிவித்தார். 2018-இல் ஆட்சி மாறியது. புதிய அரசு அதைக் கைவிடவில்லை, 'எம்விவி 2.0' என்று பெயர் மாற்றி இன்னும் பெரிதாக்கியது. இப்போது அதன் பரப்பு 153,411 ஹெக்டர். நமக்குப் பழகிய கணக்கில் ஏறக்குறைய 379,000 ஏக்கர். சிரம்பான் மாவட்டமும் போர்ட்டிக்சன் மாவட்டமும் இதற்குள் அடங்கிவிட்டன. நெகிரி செம்பிலான் மாநிலத்தில் கால்பங்குக்குச் சற்றுக் குறைவு! திட்டத்தின் இலக்கு ஆண்டு 2045. நஜீப் போனார், மகாதீர் வந்து போனார், முகைதின், இஸ்மாயில் சப்ரி, பிறகு அன்வார் என்று பிரதமர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். திட்டம் மட்டும் மாறாமல் நிற்கிறது. ஆகவே அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்ளலாம் என்று நாம் சும்மா இருக்க முடியாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நாம் வளர்ச்சிக்கு எதிரிகள் அல்லர். நம் பிள்ளைகளும் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கட்டும். பள்ளி முடித்த பையன் சிங்கப்பூருக்கு ஓடாமல் வீட்டிலிருந்தே வேலைக்குப் போய் வரட்டும். இதை வேண்டாம் என்று எந்தத் தாய் சொல்வாள்? இந்தத் திட்டத்தால் வேலைகள் பெருகும் என்று மேடைதோறும் சொல்கிறார்கள், நல்லது. அந்த வேலைகள் யாருக்கு, எந்தத் தகுதிக்கு, எந்தச் சம்பளத்துக்கு என்பதையும், அந்த வேலை வரும் நாளில் நாம் எங்கே குடியிருப்போம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்பதுதான் நம் கேள்வி.

லுக்குட்டுக்கு வளர்ச்சி என்பது புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ராஜா ஜுமாத் ஆண்ட காலத்தில், இந்தச் சிற்றூர் ஈயத்தால் செழித்த ஊர். கோத்தா லுக்குட் கோட்டையின் எச்சம் இன்றும் குன்றின்மேல் இருக்கிறது. ஈயத்தின் காலம் முடிந்து, 1891-இல் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இரயில் ஓடியது. பிறகு கித்தா வந்தது. கித்தாவோடு நாம் வந்தோம். 1960-களில் போர்ட்டிக்சன் கடலோரத்தில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன. பின்னர் கடற்கரை ஹோட்டல்கள். ஜிமாவில் 2009-இல் 1,400 மெகாவாட் அனல்மின் நிலையம், 2019-இல் அதன் பக்கத்தில் இன்னொரு 2,000 மெகாவாட். எல்லாமே நம் கண்ணெதிரில் வந்தவை. உங்கள் லயத்தில் எத்தனை பேருக்கு அந்த ஆலைகளிலும் மின் நிலையங்களிலும் நிரந்தர வேலை கிடைத்தது? விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். புல் வெட்டவும், காவல் காக்கவும், ஹோட்டலில் படுக்கை விரிக்கவும் குத்தகைக்காரன் மூலம் போனவர்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இப்போது வருவது எப்படிப்பட்ட வேலை என்று பார்ப்போம். 2024-ஆம் ஆண்டின் இறுதியில் கமூடா நிறுவனம் நம் லுக்குட்டுக்கு அருகில் ஸ்பிரிங்ஹில்லில் சுமார் 389 ஏக்கர் நிலத்தை ஏறக்குறைய 424 மில்லியன் வெள்ளிக்கு வாங்குவதாக அறிவித்தது. எதற்கு? தரவு மையம் கட்டுவதற்கு. தரவு மையம் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்காக: நீங்கள் கைப்பேசியில் அனுப்பும் படமும் செய்தியும் போய்த் தங்கும் கணினிகளை வரிசை வரிசையாக அடுக்கி வைத்திருக்கும் பெரிய கிடங்கு. அது இரவும் பகலும் மின்சாரம் தின்னும், அதைக் குளிரவைக்கத் தண்ணீரும் குடிக்கும். ஆனால் கட்டி முடித்த பிறகு அதை நடத்த அதிகம் பேர் தேவையில்லை. கட்டும்போது ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும், உண்மை. அந்தக் கட்டுமான வேலைக்கு யாரைக் கொண்டுவருவார்கள் என்பது நமக்குத் தெரியும். பழைய கணக்கில் 389 ஏக்கர் என்பது ஒரு நடுத்தரக் கித்தாத் தோட்டம். ஓர் ஆள் பத்து ஏக்கர் அளவில் மரம் வெட்டினால்கூட முப்பது நாற்பது குடும்பங்கள் அதில் பிழைத்திருக்கும். அந்தப் பிழைப்பு சுகமான பிழைப்பு என்று நான் சொல்லவில்லை. ஏக்கர் கணக்கையும் முதலீட்டுக் கணக்கையும் காட்டி அதுவே வேலைக் கணக்கு என்று சொன்னால் ஏமாறாதீர்கள் என்கிறேன்.

வேறு வகை வேலையும் வருகிறது. பண்டார் ஸ்ரீ செண்டாயானில் உள்ள தொழில்பேட்டையில் ஹினோ லாரிகள் தயாராகின்றன. விமானங்களுக்கான பிரேக் பாகங்கள் தயாராகின்றன. இவை நல்ல வேலைகள், கௌரவமான வேலைகள். அங்கே நுழையத் தொழில்திறன் சான்றிதழோ டிப்ளோமாவோ வேண்டும். நம் மாவட்டத்திலேயே போர்ட்டிக்சன் பாலிடெக்னிக் இருக்கிறது, தொழிற்கல்லூரியும் இருக்கிறது. அங்கே நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று யாராவது வீடு வீடாகக் கணக்கெடுத்தார்களா? ஒரு தொழிற்சாலை வருவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே அதற்கு என்ன திறன் தேவை என்பது முதலீட்டாளருக்கும் மாநில அரசுக்கும் தெரியும். அந்த மூன்று ஆண்டு ஒரு படிவம் ஐந்து மாணவன் சான்றிதழ் வாங்கப் போதுமான காலம். திட்டமிடுதல் என்றால் இதுதானே! நிலத்தை அளக்கத் தெரிந்தவர்களுக்குப் பிள்ளைகளை எண்ணத் தெரியாதா?

பஸ் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், சின்ன விஷயம்போல் தோன்றும். 1891-இல் இரயில் ஓடிய ஊரில் இன்று பயணிகள் இரயில் இல்லை. மோட்டார் சைக்கிள் இல்லாத பெண், மாலை ஷிப்டு முடிந்து நள்ளிரவில் லாபுவிலிருந்தோ செனவாங்கிலிருந்தோ தோட்டத்துக்கு எப்படி வந்து சேருவாள்? தொழிற்சாலை பஸ் பிரதான சாலையில் இறக்கிவிடும். உள்ளே இரண்டு மூன்று மைல் இருட்டு. எத்தனையோ நம் பெண்கள் வேலையை விட்டதற்குக் காரணம் சம்பளம் அல்ல, அந்த இரண்டு மைல்தான்.

இனி சட்டத்துக்கு வருவோம். நான் வழக்கறிஞன் என்பதால் நம்மவர்கள் என்னிடம் வருவது ஒரே கட்டத்தில்தான்: நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு. அப்போதும் சில உரிமைகள் உண்டு, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தோட்டம் விற்கப்பட்டு வேலை போனால், 1980-ஆம் ஆண்டின் வேலைநீக்கச் சலுகை விதிமுறைகளின்படி உங்களுக்கு இழப்பீடு உண்டு. இரண்டு ஆண்டுக்குக் குறைவான சேவைக்கு ஆண்டுக்குப் பத்து நாள் சம்பளம், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் பதினைந்து நாள், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் இருபது நாள். ஆட்குறைப்பு என்றால், அதே வேலையில் இருக்கும் அந்நியத் தொழிலாளர்களை முதலில் நிறுத்திய பிறகுதான் உள்நாட்டுத் தொழிலாளியை நிறுத்தலாம் என்று 1955 வேலைச் சட்டத்தின் 60என் பிரிவு சொல்கிறது. (அந்த வங்காளதேசத் தம்பியும் இந்தோனேசியத் தம்பியும் நமக்கு எதிரிகள் அல்லர். அவர்களை மலிவாகக் கொண்டுவந்து நம்மை மலிவாக்கியவர்கள் வேறு.) 2018 முதல் சொக்சோவில் வேலைக் காப்புறுதித் திட்டமும் இருக்கிறது. வேலை போன 60 நாளுக்குள் மனுச் செய்தால் ஆறு மாதம் வரை உதவித்தொகையும், பயிற்சிக் கட்டணமும் கிடைக்கும். அறுபது நாள் தாண்டி வந்து என்னிடம் அழுதவர்கள் உண்டு. நாளை எண்ணிக்கொள்ளுங்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025-இல் குறைந்தபட்ச சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. அந்தச் சம்பளத்தில் இருபது ஆண்டு உழைத்தவருக்கு 400 நாள் சம்பளம், ஏறக்குறைய 22,000 வெள்ளி கிடைக்கும். இருபது ஆண்டு உழைப்பு! அது லுக்குட்டில் ஒரு புது வீட்டுக்கு முன்பணமாகலாம். மீதிக்கு ஐம்பது வயதுக்காரருக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்? இதுவும் நிரந்தரத் தொழிலாளிக்குத்தான். குத்தகைக்காரன் கீழே, இபிஎஃப், சொக்சோ எதுவும் இல்லாமல் வேலை பார்த்தவர் இந்தப் பணத்தையும் போராடித்தான் வாங்க வேண்டும்.

வீடு விஷயம் இதைவிட மோசம். லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் அங்கே குடியிருக்கும் அனுமதியும் முடிந்தது என்று வாதாடுவார்கள். நீதிமன்ற விதிகளில் 89-ஆவது ஆணை என்று ஒன்று இருக்கிறது. அனுமதியில்லாமல் குடியிருப்பவர்களைச் சுருக்க வழியில் வெளியேற்றுவதற்கானது. மூன்று தலைமுறையாக அங்கே பிறந்து, அங்கேயே புதைக்கப்பட்டவர்களின் பிள்ளைகள்மீது அதை ஏவுகிறார்கள். தோட்டத்தில் இருந்தவன் தொழிலாளி. தோட்டம் கைமாறிய மறுநாள் அதே வீட்டில் அதே பாயில் படுத்திருப்பவன் புறம்போக்குவாசி!

1980 முதல் 2000 வரை மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட நம்மவர்கள் தோட்டங்களிலிருந்து இப்படித்தான் பெயர்க்கப்பட்டார்கள் என்று சொல்லப்படுகிறது. அவர்களில் பலர் பட்டணத்தின் ஓரத்தில் பலகை வீட்டில் குடியேறினார்கள், பிறகு அங்கிருந்தும் விரட்டப்பட்டுப் பிளாட்டில் அடைந்தார்கள். சிலாங்கூர் பெஸ்தாரி ஜெயா பக்கம் மேரி, நைஜல் கார்டனர், மின்யாக், சுங்கை திங்கி, புக்கிட் தாகார் என்று ஐந்து தோட்டங்களின் மக்கள் வீட்டுக்காக எத்தனை ஆண்டுகள் போராடினார்கள்! 245 குடும்பங்களுக்கான வீடுகளுக்கு 2023 நவம்பரில்தான் அடிக்கல் நாட்டினார்கள். இருபது ஆண்டுக்கும் மேற்பட்ட காத்திருப்பு. கேட்டவர்களில் பலர் பார்க்காமலேயே கண்ணை மூடினார்கள். அந்த மக்கள் விடாமல் நின்றார்கள், வணங்குகிறோம். ஆனால் அந்தப் போராட்டம் நிலம் கைமாறிய பிறகு தொடங்கிய போராட்டம். லுக்குட்டிலும், ரந்தாவிலும், சிலியாவிலும், லிங்கியிலும் இருப்பவர்களுக்கு அதற்கு முன்பே பேசும் வாய்ப்பு இன்னும் இருக்கிறது. இந்தத் தலையங்கம் எழுதக் காரணமே அதுதான்.

எப்படி? 1976-ஆம் ஆண்டின் நகர் கிராமத் திட்டமிடல் சட்டம் என்று ஒன்று உண்டு. 172-ஆம் எண் சட்டம். அதன்படி மாநிலத்துக்கு ஒரு கட்டமைப்புத் திட்டம், மாவட்டத்துக்கு ஓர் உள்ளூர்த் திட்டம். எந்த நிலம் விவசாயம், எது தொழிற்சாலை, எது வீடு, எது பள்ளி என்று வண்ணம் பூசிய வரைபடம் உள்ளூர்த் திட்டத்தில் இருக்கும். நம் வட்டாரத்தில் இதைச் செய்வது போர்ட்டிக்சன் நகராண்மைக் கழகம். வரைவு தயாரானதும் அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், ஆட்சேபம் தெரிவிக்கக் கால அவகாசம் தர வேண்டும், ஆட்சேபித்தவர் கேட்டால் நேரில் விசாரிக்க வேண்டும். இங்கே நிலப்பட்டா இருக்கிறதா என்று யாரும் கேட்க முடியாது. லயத்து வீட்டுப் பாட்டியும் ஆட்சேபம் எழுதலாம்.

இந்தக் கட்டம் கடந்துவிட்டால் கதவு சாத்தப்படுகிறது. எப்படி என்று கவனியுங்கள். பின்னால் ஒரு மேம்பாட்டாளர் தனித்திட்டத்துக்கு அனுமதி கேட்கும்போது, 21-ஆவது பிரிவின்படி பக்கத்து நிலத்தின் உரிமையாளருக்கு அறிவிப்புத் தர வேண்டும். உரிமையாளருக்கு! குடியிருப்பவருக்கு அல்ல. அதுவும் அந்த இடத்துக்கு உள்ளூர்த் திட்டம் இல்லாதபோதுதான். உள்ளூர்த் திட்டம் அரசிதழில் வந்துவிட்டால் அந்த அறிவிப்பும் தேவையில்லை. அறுபது ஆண்டாகக் குடியிருக்கும் நமக்குப் புல்டோசர் வரும் சத்தம்தான் அறிவிப்பு.

நிலம் மாநில அதிகாரம் என்பதையும் மறக்காதீர்கள். கூட்டரசைக் கைகாட்டித் தப்ப மாநில அரசுக்கு வழியில்லை. விவசாய நிலத்தைக் கட்டட நிலமாகவோ தொழில் நிலமாகவோ மாற்ற, தேசிய நிலச் சட்டத்தின் 124-ஆவது பிரிவில் மாநில அரசிடம்தான் மனுச் செய்ய வேண்டும். தோட்ட நிலத்தைக் கைமாற்றுவதற்கும் 214ஏ பிரிவில் தோட்ட நில வாரியத்தின் கட்டுப்பாடு இருக்கிறது. நூறு ஏக்கர் அளவுக்கு மேற்பட்ட தோட்டங்களைப் பற்றியது அது. அந்தக் காலத்துத் தோட்டத் துண்டாடலில் நம் மக்கள் பட்ட பாட்டுக்குப் பிறகு வந்த பிரிவு. ஆக, ஒரு தோட்டம் பட்டணமாவதற்குள் குறைந்தது இரண்டு மூன்று முறை அரசாங்க மேசையில் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது. அந்த மேசையில் கோடிக்கணக்கான வெள்ளி மதிப்பு கூடுகிறது. ஏக்கருக்கு விவசாய விலையில் இருந்த நிலம் கையெழுத்துக்குப் பின் பல மடங்கு! அந்தக் கூடுதல் மதிப்பில் ஒரு சிறு பங்கைத் தோட்டத்தில் இருக்கும் குடும்பங்களுக்கு வீடாகக் கொடு என்று நிபந்தனை விதிக்க மாநில அரசால் முடியாதா? முடியும். கேட்க ஆளில்லாதபோது எந்த அரசும் தானாகச் செய்யாது.

துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கினார். தோட்டத்தை விற்கிறார்களா, நாமே வாங்குவோம் என்றார். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். (அந்தச் சங்கத்தைப் பற்றிப் பேச வேண்டிய குறைகள் நிறைய உண்டு, அதற்குத் தனித் தலையங்கம் வேண்டும்.) இன்று விஷன் வேலியில் ஒரு தோட்டத்தை நாம் வாங்குவது நடக்காத காரியம், விலை எங்கோ போய்விட்டது. ஆனாலும் கூலி மட்டும் போதாது, நிலத்தில் பங்கு வேண்டும் என்று அன்று தொழிலாளிக்குத் தோன்றியது இன்று ஏன் நமக்குத் தோன்றவில்லை என்று யோசியுங்கள்.

சரி, என்ன கேட்பது? முதலில் உங்கள் லயத்தையும் கோயிலையும் சுடுகாட்டையும் தமிழ்ப்பள்ளியையும் உள்ளூர்த் திட்ட வரைபடத்தில் குடியிருப்பாகவும் வழிபாட்டு நிலமாகவும் பள்ளி நிலமாகவும் குறிக்கச் சொல்லுங்கள். சுவா பெத்தோங், சுங்காலா, செங்காங், பிராட்வால் என்று தோட்டத்தின் பெயரைத் தாங்கிய பள்ளிகள் நம்மிடம் இருக்கின்றன. சுற்றிலும் குடும்பங்கள் இல்லாமல் போனால் அந்தப் பெயர்ப் பலகை மட்டும்தான் மிஞ்சும். வீடு கேட்கும்போது பிளாட் வேண்டாம், தரை வீடு, அதே இடத்தில் அல்லது பக்கத்தில், பழைய வீட்டை உடைப்பதற்கு முன் சாவி கையில் என்று எழுதுங்கள். பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடு என்று பேரம் பேச வருவார்கள், தனித்தனியாகத்தான் வருவார்கள், இரவில் வருவார்கள். ஒருவரும் தனியாகக் கையெழுத்துப் போடாதீர்கள்.

வேலைக்கும் அப்படியே எழுத்தில் கேளுங்கள். இந்தத் தோட்ட நிலத்தில் எழும் ஆலையோ கிடங்கோ எதுவானாலும், அங்கிருந்து பெயர்க்கப்படும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு முன்னுரிமையும், திறக்கப்படுவதற்கு முன் பயிற்சி இடமும், உதவித்தொகையும், தோட்டத்து வாசல் வரை பஸ்ஸும் வேண்டும். இதை நிலமாற்ற நிபந்தனையிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். மேடையில் சொல்லும் வாக்குறுதி மேடையோடு போய்விடும். நிலப்பட்டாவிலோ அனுமதிக் கடிதத்திலோ எழுதப்பட்ட நிபந்தனை இருந்தால் அதை வைத்து என்னைப்போன்ற ஒருவன் நீதிமன்றத்தில் நிற்க முடியும்.

இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. உங்கள் தோட்டத்தில் எத்தனை குடும்பம், யார் எந்த ஆண்டு முதல் குடியிருக்கிறார்கள், யாருக்கு எத்தனை ஆண்டு சேவை, பள்ளியில் எத்தனை பிள்ளைகள், பதினேழு வயதுக்கு மேல் வேலையில்லாமல் எத்தனை பேர் என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். பழைய சம்பளச் சீட்டு, பிறப்புப் பத்திரம், மின் கட்டண ரசீது, தாத்தாவின் பழைய அடையாள அட்டை எது கிடைத்தாலும் நகலெடுத்துச் சேர்த்து வையுங்கள். நாலைந்து பேராகப் போர்ட்டிக்சன் நகராண்மைக் கழகத்தின் திட்டமிடல் பிரிவுக்குப் போய், எங்கள் தோட்டத்துக்கு உள்ளூர்த் திட்டத்தில் என்ன வண்ணம் பூசியிருக்கிறீர்கள், அடுத்த மறுஆய்வு எப்போது என்று கேளுங்கள். பெண்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். பஸ்ஸைப் பற்றி அவர்கள்தான் சரியாகப் பேசுவார்கள். கடிதத்தை மலாய்மொழியில் எழுதுங்கள், எழுதத் தயங்குகிறவர்களுக்கு எழுதிக் கொடுக்க நாங்கள் இருக்கிறோம். இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் தேதியோடு பெற்றுக்கொண்ட முத்திரை வாங்காமல் முகப்பை விட்டு நகராதீர்கள்.